இரண்டாம் மதிப்பாய்வாளர்

அவர் பெயரை எழுதக் கூடாது. எழுத மாட்டேன் என்று வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த ஆய்விதழ் நின்றுபோய் இரண்டு வருடமாகிறது. நானும் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். ஆனாலும் அந்தக் கையெழுத்து செல்லாது என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவராக இருந்தாலும் இப்படித்தான் பார்த்திருப்பார்.

சேலத்தில் ஒரு கட்டடத்தின் மாடியறையிலிருந்து, இஸ்லாமியச் சட்டம் பற்றிய ஆய்விதழ் ஒன்று வருடத்துக்கு இரண்டு முறை வந்துகொண்டிருந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் கட்டுரைகள் இருக்கும். ஆசிரியர் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் அந்த அறையில் நான் மட்டும்தான். நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் போடுகிற குடும்பத்தில் பிறந்து, சட்டம் படித்து, கோர்ட்டுக்குப் போகப் பிடிக்காமல் அங்கே துணையாசிரியராகச் சேர்ந்தவள் நான். அறக்காரியத்துக்கு எழுதிவைக்கும் சொத்துதான் வக்ஃப் என்பதற்கே அகராதியைப் புரட்டியவள். "உனக்குச் சட்டம் கொஞ்சம் தெரியுது, அது போதும்மா. பேரை மறைக்கக் கத்துக்க. மத்தது தானா வரும்" என்றார் ஆசிரியர்.

அதுதான் என் வேலை. ஒரு கட்டுரை வந்தால் முதல் பக்கத்திலிருந்து எழுதியவர் பெயரை எடுப்பேன். அடிக்குறிப்பில் "எனது முந்தைய கட்டுரையில்" என்று எழுதியிருந்தால் அதையும் மாற்றுவேன். கணினி தானாகக் கோப்புக்குள் பதிந்து வைத்திருக்கும் பெயரைக்கூடத் தேடி அழிப்பேன். பிறகு அந்த விஷயம் தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்புவேன். அவர்கள் மதிப்பாய்வாளர்கள். யார் எழுதியது என்று அவர்களுக்குத் தெரியாது. யார் படித்துச் சொல்கிறார்கள் என்று எழுதியவருக்கும் தெரியாது. வெளியிடலாம், திருத்தினால் வெளியிடலாம், வேண்டாம் என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லி அதற்குக் காரணமும் எழுதி அனுப்ப வேண்டும். இருவர் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளைத் தேடுவோம்.

இரண்டு பக்கப் பெயர்களும் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். யாரிடமும் சொல்லக் கூடாத பெயர்களை வைத்துக்கொண்டு ஒரு மின்விசிறிக்குக் கீழே பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பேன். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது பேச ஒரு ஆள் இருக்காது.

பெயரை எழுத மாட்டேன் என்றேனே, அவர் சேந்தமங்கலத்தில் இருந்தார். பெண்கள் அரபிக் கல்லூரி ஒன்றில் சட்ட நூல்களைப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். முதலில் அவருக்குப் போன கட்டுரை, பெண்கள் எழுதிவைத்த வக்ஃப் சொத்துகள் பற்றியது. எழுதியவர் பெரிய பேராசிரியர். பதினெட்டுப் பக்கக் கட்டுரைக்குச் சேந்தமங்கலத்திலிருந்து பதினொரு பக்க மதிப்பாய்வு வந்தது. மேற்கோள் காட்டியிருந்த அரபு நூலைப் பேராசிரியர் நேரில் பார்க்கவில்லை, வேறொருவர் கொடுத்த அடிக்குறிப்பை அப்படியே எடுத்திருக்கிறார், அதனால்தான் பக்க எண் வேறு பதிப்போடு ஒத்துப்போகிறது என்று நிதானமாக விளக்கியிருந்தார். "இப்பகுதிப் பெண்கள் அக்காலத்தில் சொத்து எழுதிவைக்க முன்வரவில்லை" என்றொரு வரி இருந்தது. அதன் ஓரத்தில் இப்படி எழுதியிருந்தார்: "இது தெரிந்ததா, நினைத்ததா? ஆவணம் கிடைக்கவில்லை என்பது தெரிந்தது. முன்வரவில்லை என்பது நினைத்தது."

மதிப்பாய்வை அனுப்பிய மறுநாள் பேராசிரியர் போன் செய்தார்.

"யாரும்மா அந்த ஆளு? அவனுக்கு அரபி தெரியுமா மொதல்ல?"

"பேரு சொல்லக் கூடாதுங்க சார்."

"அவன் எந்தக் காலேஜுன்னாவது சொல்லு."

அதையும் சொல்லக் கூடாதென்றேன். 'அவன்' என்று அவர் நினைத்துக்கொண்டதையும் நான் திருத்தவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கட்டுரை திருத்தி வந்தது. அந்த வரி "ஆவணம் கிடைக்கவில்லை" என்று மாறியிருந்தது.

மூன்று வருடம் மின்னஞ்சலில் மட்டும்தான் பழக்கம். ஒருமுறை பதில் தாமதமானபோது, "நீங்கள் ஊரில் இல்லை போலிருக்கிறது" என்று எழுதினேன். "ஊரில்தான் இருக்கிறேன். நான்கு நாளாக இணையம் இல்லை" என்று பதில் வந்தது. "உங்களுக்கு இந்தக் கட்டுரை பிடிக்கும்" என்று இன்னொரு முறை எழுதினேன். "படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார். எதிரில் இருப்பவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று தெரியாத மாதிரி எழுதுவார். எனக்கு அந்தக் கடிதங்கள் பிடித்திருந்தன. சில நாள் அவருடைய பழைய மதிப்பாய்வுகளை எடுத்து, வேலை எதுவும் இல்லாமலேயே படிப்பேன்.

பிறகு அந்தக் கட்டுரை வந்தது. கணவன் காணாமல் போய்விட்டால் மனைவி எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பது பற்றியது. அவனுடைய வயதுக்காரர்கள் எல்லாம் இறக்கும் வரை காத்திரு என்று சொல்லும் பழைய மரபும் உண்டு. நான்கு வருடம் போதும் என்று சொல்லும் மரபும் உண்டு. நம் நாட்டுச் சட்டம் இரண்டாவதை எடுத்துக்கொண்டது. நான்கு வருடம் தகவல் இல்லையென்றால் மனைவி கோர்ட்டில் மணமுறிவு கேட்கலாம். அந்த நான்கையும் குறைக்க வேண்டும் என்று கட்டுரை வாதாடியது. எழுதியவர் தஞ்சாவூர்ப் பக்கம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இளம்பெண். பெயரை எடுத்துவிட்டு, வழக்கம்போல் சேந்தமங்கலத்துக்கு அனுப்பினேன்.

கட்டுரையோடு ஒரு படிவமும் போகும். அதில் ஒரு கேள்வி: இக்கட்டுரையின் பொருளில் உங்களுக்குச் சொந்த நலன் ஏதேனும் உண்டா? எல்லோரும் யோசிக்காமல் 'இல்லை' என்று குறிப்பார்கள். அவரும் மூன்று வருடமாக அப்படித்தான் குறித்திருந்தார். இந்த முறை 'உண்டு' என்று குறித்து, கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "என் கணவரைப் பற்றிப் பதினான்கு வருடமாகத் தகவல் இல்லை."

ஆசிரியரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒளிக்காமச் சொல்லிட்டாங்க. ஒளிச்சிருந்தாத்தான் தப்பு. அவங்களே படிக்கட்டும். மூணாவதா ஒருத்தருக்கும் சேத்து அனுப்பு. நீ ஒரு தடவ நேர்ல போய்ப் பாத்துட்டு வா."

ராசிபுரத்தில் பஸ் மாறிப் போனேன். கடைவீதிக்குப் பின்னால் சின்ன ஓட்டு வீடு. கதவைத் திறந்தவர் எழுபது வயது அம்மாள், அவருடைய மாமியார். "வா சாமி, சேலத்துல இருந்து வாரீங்களா? வெயில்ல வந்திருக்கற, மொதல்ல தண்ணி குடி" என்று சொம்பை நீட்டினார். அவர் உள்ளேயிருந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். கடிதங்களை வைத்து நான் கற்பனை செய்திருந்த ஆளைவிடக் குள்ளம். குரலும் மெல்லியது.

"வாங்க மேடம்" என்றார். அரை மணி நேரத்தில் நான் அக்கா என்றும் அவர் அம்மணி என்றும் கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

பேசிக்கொண்டிருக்கும்போது மாமியார் ஜன்னலைப் பார்த்து, "மலைல மழ பேயுது" என்றார்.

"மலை மறைஞ்சிருக்குது மாமி" என்றார் அவர்.

"இப்படித்தான் அம்மணி, ஒரு பேச்சு பேச உட மாட்டா" என்று மாமியார் என்னிடம் முறையிட்டார். அதில் பெருமையும் இருந்தது.

கணவரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். போர்வெல் ரிக் வண்டியில் வேலை. திருச்செங்கோட்டு ரிக் ஒன்றோடு மத்தியப் பிரதேசம் போயிருந்தார். கல்யாணமாகி இரண்டு வருடம். குழந்தை இல்லை. ஒரு காலை வண்டியை டீக்கடையில் நிறுத்தியிருக்கிறார்கள்.

"எறங்கினாரு. டீ சொன்னாரு. டீ வரக்குள்ள ரோட்டத் தாண்டி அக்கட்டால போனாரு. அதுவரைக்கும் கூட இருந்தவங்க பாத்திருக்காங்க. அதுவரைக்கும்தான் தெரியும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. லாரில அடிபட்டிருப்பாருன்னாங்க. வேற குடும்பம் வெச்சிருப்பாருன்னாங்க. அதெல்லாம் அவங்க நெனச்சது அம்மணி. ரெண்டு தடவ போய்த் தேடினோம். போலீஸ்ல எழுதிக் குடுத்தோம். ஒண்ணும் தெரியல."

மாமியார் குறுக்கே வந்தார். "நாலு வருசம் முடிஞ்ச அன்னைக்கே கேஸப் போடுன்னு சொன்னேன். வயசுப் புள்ள, என்ற கூடவே உக்காந்து நரைச்சுப் போச்சு. நீயாச்சும் சொல்லு சாமி."

அவர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அது அப்போது பிடிவாதமாகத்தான் பட்டது.

மதிப்பாய்வு மூன்று வாரத்தில் வந்தது. முதல் மதிப்பாய்வாளர் வெளியிடலாம் என்றிருந்தார். மூன்றாமவரும் அப்படியே. இரண்டாமவரான இவர் மட்டும் திருத்தச் சொல்லியிருந்தார். தனக்குச் சாதகமான கட்டுரை என்பதால் கூடுதலாகவே சோதித்திருந்தார் என்று தோன்றியது. "காணாமல் போனவர்களின் மனைவியர் அனைவரும் விடுதலையையே விரும்புகின்றனர்" என்ற வரிக்குப் பக்கத்தில் அந்த வழக்கமான கேள்வி: தெரிந்ததா, நினைத்ததா? கடைசிப் பக்கத்தில் நான் அதுவரை அறியாத ஒன்றை எழுதியிருந்தார். நான்கு வருடம் கழித்து மனு போட்டால் போதும் என்று கட்டுரை சொல்கிறது; மனுவில் என்ன எழுத வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. மனுப் போடும் தேதியில் கணவன் இறந்திருந்தால் யார் யார் வாரிசாக வருவார்களோ, அவர்கள் பெயரையும் முகவரியையும் மனைவி தன் மனுவில் எழுத வேண்டும். அவர்களுக்குக் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் போகும். "ஒரு தாய்க்கு அப்படியொரு காகிதம் வந்தால் தாங்க மாட்டாள். மருமகள் அதை எழுதத் தயங்குவது பயத்தினால் அல்ல. காலத்தைக் குறைப்பதால் இது தீராது."

சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பிரிவு இருந்தது. நான் படித்த சட்டம்தான், பரீட்சைக்கு எழுதியும் இருக்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு தட்டு வைத்துச் சாப்பிடுகிற இரண்டு பெண்களை அதோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

தஞ்சாவூர்ப் பெண் ஒரு மாதத்தில் திருத்திய கட்டுரையை அனுப்பினாள். கூடவே மதிப்பாய்வாளர்களுக்குப் பதில். கேள்விக்குக் கேள்வி பதில் எழுதுவதுதான் முறை. வாரிசுகள் பற்றிப் புதிதாக ஒரு பகுதியே சேர்த்திருந்தாள். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: "தாய் தாங்க மாட்டாள் என்று இரண்டாம் மதிப்பாய்வாளர் குறிப்பிடுகிறார். பணிவுடன் கேட்கிறேன். இது தெரிந்ததா, நினைத்ததா? அப்படியொரு தாயிடம் யாராவது கேட்டுப் பார்த்ததுண்டா?"

மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. அச்செடுத்துக்கொண்டு நானே போனேன். இன்றைக்கும் அதைச் செய்திருக்க வேண்டுமா என்று யோசிப்பதுண்டு.

கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் பதில்களைத்தான் படித்தார். அந்த இடம் வந்ததும் திரும்பவும் மேலே போய்ப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எழுந்து, "மாமி, கொஞ்சம் இங்க வாங்க" என்றார்.

மாமியார் ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"மாமி, நான் கேஸ் போடறதா இருந்தா, உங்க பேர எழுதோணும். அவரு இன்னைக்கு இல்லாமப் போயிருந்தா வாரிசு யாருன்னு கேப்பாங்க. நீங்க, நாத்தனா, நானு. மூணு பேரு. கோர்ட்ல இருந்து உங்களுக்குக் காயிதம் வரும். நீங்க வாங்கிக் கையெழுத்துப் போடோணும். உங்களுக்கு அது முடியுங்களா?"

மாமியார் அவரையே பார்த்தார்.

"இதுக்காகத்தான் இத்தன வருசம் போடாம இருந்தியா?"

"ஆமாங்க."

"இன்னைக்கு மட்டும் எதுக்குக் கேக்கற?"

"இதுல ஒருத்தர் எழுதிக் கேட்டிருக்காங்க. உங்ககிட்டக் கேட்டனான்னு."

"யாரு?"

"தெரியாது மாமி. பேரு சொல்ல மாட்டாங்க."

"பேரு தெரியாத ஆளு கேட்டாத்தான் நீ எங்கிட்டக் கேப்பியா கண்ணு" என்றார் மாமியார். கோபமில்லை. குரல் இறங்கியிருந்தது. அந்த அறையில் அந்தப் பெயர் தெரிந்தவள் நான் மட்டும். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமியார் கேட்டார். "என்ற பையன் செத்துட்டான்னு எழுதுவாங்களா?"

"இல்லீங்க மாமி. இறந்திருந்தால்னு எழுதுவாங்க."

"இருந்தால்னுதான?"

"ஆமாங்க."

"அப்பச் செரி. போடு."

இரண்டாவது மதிப்பாய்வில் அந்தக் கேள்விக்கு அவர் மூன்று வரிதான் எழுதினார். "நினைத்ததுதான். இப்போது ஒரு தாயிடம் கேட்டேன், சம்மதித்தார். ஒருவர் சொன்னதை வைத்து எல்லாத் தாய்மார்களுக்கும் சொல்ல முடியாது." வெளியிடலாம் என்று குறித்திருந்தார். கட்டுரை அடுத்த இதழில் வந்தது. முடிவில், தன் கேள்விகளால் கட்டுரையைத் திருத்திய பெயர் அறியாத மதிப்பாய்வாளருக்கு நன்றி என்று தஞ்சாவூர்ப் பெண் எழுதியிருந்தாள். தான் திருப்பிக் கேட்ட ஒரு கேள்வி எங்கே போய் விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் கூடாது.

அவர் மனுப் போட்டார். கோர்ட் ஊழியர் நோட்டீஸ் கொண்டுவந்த அன்று மாமியார் அந்த ஆளை உட்கார வைத்து மோர் கொடுத்தாராம். கைநாட்டு வேண்டாம், எழுதத் தெரியும் என்று சொல்லி, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாராம். அதன் பிறகு அந்தக் காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் எப்போதும்போல அடுப்பைப் பற்ற வைத்தார்.

தாங்காதது நாத்தனார்தான். பரமத்தி வேலூரில் இருந்த அவருக்கும் ஒரு நோட்டீஸ் போயிருந்தது. போனில், "எங்கண்ணன உசுரோட பொதைச்சுட்டீங்க" என்று அழுதிருக்கிறார். அந்த அழுகையைப் பற்றிச் சொல்லும்போது இவர் ஒரு குறைகூடச் சொல்லவில்லை.

தீர்ப்பு சாதகமாக வந்தது. வந்தாலும் உடனே நடப்புக்கு வராது. ஆறு மாதம் அவகாசம் உண்டு. அதற்குள் கணவன் வந்து நின்று, சேர்ந்து வாழத் தயார் என்று கோர்ட்டை நம்ப வைத்தால் தீர்ப்பு ரத்தாகிவிடும். அந்த ஆறு மாதமும் மாமியார் பகலில் வாசல் கதவைச் சாத்த விடவில்லை என்று அவர் ஒருமுறை எழுதினார். கடைசி நாள் அவர் கல்லூரிக்கு லீவு போட்டிருந்தார். நானும் போயிருந்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம். வாசலில் கேஸ் சிலிண்டர் வண்டி வந்து நின்றபோது மாமியார் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம் யாரும் வரவில்லை. ஐந்து மணிக்கு மாமியார் தாமாகவே கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

அடுத்த வாரம் நாத்தனார் காரில் வந்து அம்மாவை அழைத்துப் போய்விட்டார். "இனி இந்த ஊட்ல எங்கம்மா என்ன மொறைல இருக்கறது?" என்று கேட்டிருக்கிறார். சட்டப்படி மணம் முறிந்தாயிற்று. மாமியார் போக மாட்டேன் என்று சொன்னாரா என்று நான் போனில் கேட்டேன்.

"சொல்லல அம்மணி. போறேன்னும் சொல்லல. துணி மூட்டையை நாந்தான் கட்டிக் குடுத்தேன்."

அவர் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள். அதே ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். மதிப்பாய்வுகள் முன்னைவிட நீளமாக வந்தன. பத்துப் பக்கக் கட்டுரைக்குப் பதினைந்து பக்கம் எழுதினார். படித்துவிட்டு ஆசிரியர், "எழுதறவங்ககூட இவ்வளவு நேரம் செலவழிக்கறதில்லைம்மா" என்றார். ஒரு வருடத்தில் ஆசிரியர் உடம்பு முடியாமல் படுத்துவிட்டார், இதழும் நின்றது. அனுப்ப எனக்குக் கட்டுரை இல்லை. அவர் ஒருமுறை மட்டும், "ஏதும் வரவில்லையா?" என்று எழுதிக் கேட்டார். வரவில்லை என்று எழுதினேன்.

போன தை மாதம் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். சேந்தமங்கலம் பஸ்ஸுக்காகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கைகளில் வெங்காய வாசம் அடித்தது.

"வேலூர் போயிட்டு வாரேன் அம்மணி. மாமியப் பாக்க. ஞாயித்துக்கெழமையானாப் போவேன்."

"நாத்தனாரு பேசறாங்களாக்கா?"

"நல்லாத்தான் பேசறா. போனதும் தட்டுல பிஸ்கட் வெச்சு, டீயக் கொண்டாந்து முன்னால வெப்பா. வந்த விருந்தாளிக்கு, ஒறம்பரைக்கு வெக்கற மாதிரி. நானும் ஒறம்பர மாதிரியே ஒண்ணு எடுத்துக்குவேன்."

"மாமி?"

"மாமி பிஸ்கட் எல்லாம் வெக்க மாட்டாங்க. அடுப்பங்கரைல இருந்து ஒரு மொறத்துல சின்ன வெங்காயத்த எடுத்தாந்து என்ற மடில வெச்சுருவாங்க. உரிம்பாங்க. எதுத்தாப்புல உக்காந்து அவங்களும் உரிப்பாங்க. முடிஞ்சதும் நான் கெளம்பிருவேன்."

"என்ன பேசிக்குவீங்க?"

"ஒண்ணும் பேசிக்கறதில்ல."

பஸ் வந்து நின்றது. எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். படியில் கால் வைத்தவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு வெங்காயம் கம்மி அம்மணி" என்றார். "முக்கா மணி நேரத்துல முடிஞ்சு போச்சு."